கார்பன் பிரேம் கடற்கரைக்கு ஆகாதா?

பாலாவி உப்பளங்களைத் தாண்டி, கற்பிட்டி வீதியில் நுரைச்சோலை வழியாகத் தலவில வரை சைக்கிளில் போய்வருகிறவருக்கு உப்புக்காற்று செய்யும் வேலையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. செயின், ஸ்போக், பிரேக் கேபிள் எல்லாம் அவர் கண்முன்னேயே துருப்பிடிக்கின்றன. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாடு முழுவதும் சைக்கிள் மறுபடி வீதிக்கு வந்தது. லுமாலா சைக்கிள்களுக்கு நடுவே, வெளிநாட்டு உறவினர் விட்டுப்போனதோ பாவித்ததாக வாங்கியதோ ஒரு கார்பன் மவுண்டன் பைக்கும் இன்று கண்ணில் படலாம். அதன் சொந்தக்காரருக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் பிழையானவை. பிழையான இடத்தில் பயப்படுகிறவர் கவனிக்க வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். அதுதான் என் கவலை.

“கார்பன் கண்ணாடி மாதிரி. ஒருதரம் விழுந்தால் முடிந்தது.”

இப்படிச் சொல்கிறவருக்குக் கரையில் கிடக்கும் வள்ளங்களைக் காட்டலாம். பைபர் வள்ளம் என்பது கண்ணாடி நாரும் ரெசினும்தான். அலை அறைகிறது, வெயில் காய்கிறது, மணலில் இழுபடுகிறது. ஆனாலும் ஆண்டுக்கணக்காகத் தொழிலுக்குப் போய்வருகிறது. 1956இல் நோர்வே போன அந்தோணி இராஜேந்திரம் அங்கே திரட்டிய உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர், பிற்பாடு அரச நிறுவனமாகி, இந்நாட்டுக் கரைகளுக்குப் பைபர் வள்ளம் கட்டிக் கொடுத்தது. கார்பன் பிரேமும் இதே குடும்பம்தான். கண்ணாடி நாருக்குப் பதில் கார்பன் நார், பொலியெஸ்டர் ரெசினுக்குப் பதில் எபொக்ஸி. எந்தப் பக்கத்திலிருந்து விசை வரும் என்று பார்த்து, அந்தத் திசைக்கு ஏற்ப நாரை அடுக்குகிறார்கள்.

ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரத்தின்படி மவுண்டன் பைக் பிரேமைச் சோதிக்கும்போது, பெடலில் 1200 நியூட்டன் விசையை 100,000 தடவை கொடுக்கிறார்கள். ஏறக்குறைய 120 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு மிதியிலும் முழுப் பாரத்தையும் இறக்குவதற்குச் சமம். கார்பனுக்கு இதில் சலுகை கிடையாது. மலைச்சரிவில் பாறையும் வேரும் தாண்டிப் பாயும் டவுன்ஹில் போட்டியில், தென்னாபிரிக்காவின் கிரெக் மினார் 2012, 2013 இரு ஆண்டுகளும் உலகச் சாம்பியனானது சாந்தா குரூஸ் வி10 கார்பன் பிரேமில்தான். கற்பிட்டி வீதியின் குழிகள் அதற்கு முன்னால் பெரிய விஷயமே அல்ல.

“கண்ணாடி மாதிரி” என்ற இந்த நம்பிக்கைக்குள் ஒரு துளி உண்மையும் உண்டு. இரும்பு நெளிந்து கொடுக்கும், கார்பன் கொடுக்காது. அதன் குழாய்ச் சுவர் ஓட்டத்தில் வரும் விசையைத் தாங்கக் கட்டப்பட்டது. பக்கவாட்டில் ஒரே புள்ளியில் விழும் குத்தும் நெரிப்பும் அதற்கு ஆகாது. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வான் கூரையில் சைக்கிளை ஏற்றி, மேல்குழாயின் மேலாகவே கயிற்றைப் போட்டு இறுக்குவது ஒரு பெரிய விழுகையைவிட மோசமானது. கயிற்றைச் சில்லுகளில் கட்டுங்கள். கராஜில் கிளாம்ப் போடுவதானாலும் சீட் போஸ்ட்டில் போடச் சொல்லுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் போதும், அளவு அந்தப் பாகத்திலேயே அச்சிட்டிருக்கும். கைப்பலத்தால் “இன்னும் கொஞ்சம்” என்று முறுக்கும் பழக்கம் இரும்புச் சைக்கிளோடு நிற்கட்டும்.

“ஐந்தாறு வருடத்தில் கார்பன் களைத்துப்போகும்.”

உண்மையில் களைக்கிற உலோகம் அலுமினியம். சிறிய விசையானாலும் திரும்பத் திரும்பப் பட்டால் அது சேர்த்துவைத்து ஒருநாள் வெடிக்கும். நன்றாகச் செய்த கார்பன் இந்த விஷயத்தில் அதைவிட மேல். கிரெக் லெமொண்ட் 1986ஆம் ஆண்டின் டூர் டி பிரான்ஸை வென்றதே கார்பன் பிரேமில்தான். நேற்று வந்த பொருள் அல்ல.

“வெயிலில் ரெசின் இளகிவிடும்” என்பதற்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. பிரேமில் பாவிக்கும் எபொக்ஸி நம் வெயிலுக்கு இளகாது. சூரிய ஒளி வெறும் ரெசினைக் காலப்போக்கில் கெடுக்கும் என்பது மெய். அதைத் தடுக்கத்தான் மேலே பெயின்டும் வார்னிஷும். அவை உரிந்தால் மறுபடி பூசுங்கள்.

“கார்பன் துருப்பிடிக்காது, அதனால் கடலோரத்தில் கவலையே இல்லை.”

எல்லாவற்றிலும் ஆபத்தானது இந்த நம்பிக்கை, ஏனென்றால் முதல் பாதி முழுக்கச் சரி. கார்பன் துருப்பிடிக்காதுதான். ஆனால் அது மின்சாரம் கடத்தும். கார்பனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையில் உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு பற்றரி உண்டாகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். 1980களிலும் 90களிலும் கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் ஒட்டிச் செய்த பிரேம்கள் பல இப்படித்தான் மூட்டு விட்டுப்போயின. பிறகு இடையில் கண்ணாடி நார் அடுக்கு ஒன்றை வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இன்றைய பிரேமிலும் அலுமினியத் துண்டுகள் உண்டு. தண்ணீர்ப் போத்தல் தாங்கியின் ஸ்க்ரூ இறங்கும் துளையை உற்றுப் பாருங்கள். அதைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம்போல எழும்பி, ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. சீட் போஸ்ட் இதைவிடத் தொல்லை. அலுமினியம் அரித்து உண்டாகும் தூள் அதிக இடம் பிடிப்பதால், போஸ்ட் குழாய்க்குள் இறுகிவிடும். அடித்துக் கழற்றப்போய்ப் பிரேமையே வெடிக்கவைப்பதும் நடக்கிறது. தலவிலயில் ஓடும் சைக்கிளுக்கு மாதம் ஒருமுறையாவது போஸ்ட்டை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, கார்பனுக்கென்று விற்கும் பேஸ்ட்டைப் பூசி மாட்டுங்கள். கடற்கரை மணலில் ஓடிவந்த அன்றே சைக்கிளைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். பிரஷர் பம்பைப் பெயாரிங் பக்கம் காட்ட வேண்டாம்.

“வெடித்தால் குப்பைதான்.”

பைபர் வள்ளத்தில் வெடிப்பு வந்தால் யாரும் எறிவதில்லை. அந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி நார் மாட் வைத்து, ரெசின் பூசி மறுபடி கடலில் இறக்குகிறார்கள். கார்பன் பிரேமையும் இதே முறையில் திருத்தலாம், கலிபோர்னியாவின் கால்ஃபி போன்ற நிறுவனங்கள் அதைத் தொழிலாகவே செய்கின்றன. ஆனால் வள்ளத்து ரெசினும் வள்ளத்து மாட்டும் இதற்குக் காணாது. எபொக்ஸியும், நாரின் திசை தெரிந்த கையும் வேண்டும்.

பாவித்த பிரேம் வாங்கும்போது ஒரு நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று விழுந்தால், அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். வாழ்நாள் வாரண்டி என்ற பேச்சை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அது பொதுவாக முதல் சொந்தக்காரருக்கு மட்டும், அதுவும் தயாரிப்புக் குறைக்கு மட்டும்.

பிரேமைத் திருத்தலாம் என்ற தைரியத்தைக் கார்பன் ஹேண்டிலுக்கும் ஃபோர்க்கின் மேல்தண்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. பிரேம் வெடித்தால் பெரும்பாலும் முதலில் கிறீச்சிடும், தொய்யும், நிறுத்தி இறங்க அவகாசம் கிடைக்கும். ஹேண்டில் முறிந்தால் அது கிடைக்காது. பலமான விழுகைக்குப் பிறகு அந்த இரண்டையும் கழற்றிப் பாருங்கள். கீறலா வெடிப்பா என்று சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். ஹேண்டிலுக்கு அலுமினியமே போதும், விலையும் குறைவு.