தாமதமாக வரும் செய்திக்கு அவசரமாகத் திரும்பாதே

நோணாங்குப்பம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. அனுப்பிய கட்டுரை திரும்பிவிட்டது, ரோபோ கட்டுப்பாட்டை விட்டு வேறு தலைப்புக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போவதும் இருப்பதும் உன் விருப்பம். எதை வைத்து முடிவெடுக்கிறாய் என்பதுதான் என் கவலை.

சுண்ணாம்பாற்றில் மோட்டார் படகு ஓட்டப் பழகுகிறவனைக் கவனித்திருக்கிறாயா? கைப்பிடியைத் திருப்பியதும் படகு திரும்பாது. திரும்பவில்லையே என்று இன்னும் ஒடிப்பான். அது அளவுக்கு மேல் திரும்பிவிடும். பதறி எதிர்ப்பக்கம் ஒடிப்பான். படகு வளைந்து வளைந்து போகும். கைதேர்ந்தவரோ முன்பக்கம் அசையத் தொடங்கும்போதே கைப்பிடியைத் தளர்த்திவிடுவார். பின்னூட்டம் தாமதமானால் கெயினை, அதாவது பிழைக்கு எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற அளவை, குறை என்று உன் பாடப்புத்தகம் சொல்வதும் இதைத்தான்.

ஆய்வு வேலையிலும் அப்படித்தான், எல்லாச் செய்தியும் தாமதமாகவே வரும். கட்டுரையின் கதி தெரியப் பல மாதம். அது யாருக்காவது பயன்பட்டதா என்று தெரியப் பல வருடம். ஒவ்வொரு மறுப்புக்கும் தலைப்பை மாற்றினால் எதிலும் ஆழம் வராது.

எம். வித்யாசாகரைப் பார். 1969-இல் விஸ்கான்சினில் முனைவர் பட்டம் வாங்கியவர், கனடாவில் கான்கார்டியா, வாட்டர்லூ என ஏறக்குறைய 20 ஆண்டுகள் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டிலேயே ஊறினார். 1989-இல் மார்க் ஸ்பாங்குடன் எழுதிய ரோபோ இயக்கவியல் நூல் வந்தது. அதே ஆண்டு பெங்களூரில் டி.ஆர்.டி.ஓ.வின் செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் மையத்துக்கு இயக்குநரானார். பிறகு டி.சி.எஸ்., அதன்பின் டல்லாஸில் கணக்கீட்டு உயிரியல், ஹைதராபாத் ஐ.ஐ.டி. மாறாதவர் இல்லை, ஆனால் ஒன்றில் வேர் பிடித்த பிறகே அடுத்ததற்குப் போனார். போன இடமெல்லாம் கணிதமும் கூடவே போயிற்று. 2012-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். மதிப்பாய்வாளர்களின் குறிப்புகளைப் அருகருகே வைத்துப் படி. இரண்டு பேர் ஒரே ஓட்டையைச் சுட்டினால் அது நிஜ ஓட்டை, உடனே அடை. ஒருவருக்கு மட்டும் பிடிக்காததை இரைச்சல் என்று ஒதுக்காதே, பதில் எழுது. ஆனால் அதற்காகத் தலைப்பை மாற்றாதே. நிரூபணம் சரியாக இருந்தால், ஆய்வகத்து ரோபோ கையில் ஓட்டிப் பார்த்த முடிவையும் சேர். தலைப்பை மாற்றும் பேச்சை ஆண்டுக்கு ஒருமுறை, கைடோடு உட்கார்ந்து பேசு. மறுப்பு வந்த அன்று மட்டும் வேண்டாம்.

திருத்திய கட்டுரையை அனுப்பிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா