குதிரைவாலியில் ஒரு குடிசைத் தொழில்

1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரால் புலவர் உலகில் பெயர்பெற்ற பாலவனத்தம், உழவர் கணக்கில் வானம் பார்த்த கரிசல் பூமியே ஆகும். ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தை மாதத்தில் அறுக்கும் குதிரைவாலியைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டு, அதுவே அரிசியாகிக் கடைக்கு வரும்போது கூடுதல் விலை கொடுத்து வாங்கும் விபரீதம் இங்கே நெடுநாளைய வழக்கம். இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள லாபத்தை அவ்வூர்ப் பெண்களே பெறுவதற்கான மார்க்கத்தை ஈண்டுக் கூறுவோம்.

முதற்கண், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒரே ஒரு பண்டத்தில் ஊன்றி நிற்றல் வேண்டும். முறுக்கு, லட்டு, பிஸ்கோத்து என எடுத்த எடுப்பிலேயே பலவற்றில் கைவைப்பது உசிதமன்று. தானியத்தை நன்றாக உலர்த்தி, சலித்து, கல் நீக்கியபின், கூலிக்கு உமி நீக்கித் தரும் ஆலைக்கு அனுப்புக; முதல் வருஷத்தில் யந்திரம் வாங்கும் எண்ணமே வேண்டாம். உமி நீங்கிய அரிசியில் தவிட்டு எண்ணெய் விரைவில் சிக்கு வாடை கொள்ளுமாதலால், விற்கும் அளவுக்கே அவ்வப்போது அரைத்துக்கொள்வது விவேகம்.

ஆலையில் உடையும் நொய்யைக் கோழிக்கு இறைப்பவர் பலர். என் அபிப்பிராயத்தில் தொழிலின் ஜீவனே அந்த நொய்தான். அதை இரவில் ஊறவைத்து அரைத்து, ஐந்து பங்கு நீரில் அடிபிடியாமல் கிளறிக் கூழாக்கி, அரைத்த பச்சைமிளகாயும் சீரகமும் சேர்த்து, காய்ந்தபின் கரிக்குமாகையால் உப்பைச் சற்றுக் குறைத்தே இட்டு, வெள்ளை வேட்டியில் கரண்டியால் வட்டமாக ஊற்றுக. மாலையில் துணியைத் திருப்பி, பின்புறத்தில் நீர் தெளித்தால் வற்றல் பிய்யாமல் உரிந்துவரும். மறுநாளும் காயவிட்டு ஒன்றை ஒடித்துப் பார்த்தால், வளையாமல் ‘நறுக்’கென்று முறிய வேண்டும், வளைந்தால் பூசணம் நிச்சயம்.

பொட்டலத்தில் சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் ஆகியவை அவசியம் இருத்தல் வேண்டும். 2020இல் தொடங்கப்பட்ட குறு உணவுத் தொழில் திட்டத்தில் உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் வழங்க வகையுண்டு. இப்போது அது எந்நிலையில் உள்ளதென்பதை மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரித்தறிக. பயிற்சி பற்றிக் கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகிக் கேட்கலாம்.

தையில் தானியமும் மாசியில் வெயிலும் அடுத்தடுத்து வந்துவிடுமாதலால், சகோதரிகளே, பதிவு மனுவைக் கார்த்திகையிலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.