பம்பு செட் மராமத்துக்கு நாள் குறிப்பது எப்படி?

நெல் கதிர் விடும் சமயத்தில் வயலில் ஈரம் குறையக்கூடாது. அந்த நாட்களில் மோட்டார் காயில் எரிந்துபோனால், கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டி மாட்டுவதற்குள் சில நாட்கள் ஓடிவிடும். பதர் அதிகமாகும். பட்டறைக் கூலியைவிட இந்த நஷ்டமே பெரிது.

சர்க்கரை ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. அரைவைப் பருவத்தில் ஆலை நின்றால், வெட்டிய கரும்பு காய்ந்து எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே எந்த உருளை தேய்கிறது, எந்த பேரிங் சூடேறுகிறது என்று அரைவை நடக்கும்போதே குறித்துக்கொள்கிறார்கள். சாமான்களை முன்கூட்டியே வரவழைத்து, அரைவை முடிந்ததும் பிரித்து வேலை பார்க்கிறார்கள். கிணற்று மேட்டிலுள்ள 5 குதிரைத்திறன் பம்பு செட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

ஓடும்போது கண்ணால் பார்த்துக் குறிப்பதே வேலை. கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒரு சொட்டும் விழாதபடி இறுக்குவது பலரிடம் உள்ள தவறான பழக்கம்; ஷாப்ட் சூடேறித் தேய்ந்துவிடும். இறுக்கியும் தாராளமாக ஒழுகினால் கயிறு மாற்ற வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்றித்தான் பம்பை ஓட்ட முடிகிறதென்றால் புட்வால்வைச் சந்தேகிக்கலாம். இவற்றைத் தேதியுடன் மோட்டார் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் எழுதி வைத்தால் போதும். எண்ணெய் எஞ்சின் வைத்திருப்போர் ஓடிய மணியையும் எழுத வேண்டும். 250 மணிக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டிய எஞ்சினைத் தினம் 8 மணி நேரம் ஓட்டினால், ஒரு மாதத்திலேயே தவணை வந்துவிடும்.

கயிறு மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை, மேலுரமிட வயலை வடிக்கும் நாளில் முடித்துவிடலாம். மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகே கை வைக்க வேண்டும்.

பிரிக்கும் வேலைக்கு அறுவடைக் காலமே உகந்தது. அறுவடைக்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணீர் கட்டுவது நின்றுவிடும். அப்போதே பேரிங் நம்பர், வாசர் அளவு பார்த்து வாங்கி வைக்க வேண்டும். பேரிங்கில் கிரீஸை அளவுக்கு மேல் திணித்தாலும் சூடேறும். ஸ்டார்ட்டரிலுள்ள ரிலேயையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது. 5 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் இழுப்பது சுமார் 7.5 ஆம்பியர்தான். அடிக்கடி நிற்கிறதே என்று ரிலேயைக் கூட்டி வைத்துவிட்டால், ஒரு பேஸ் போகும் நாளில் மோட்டார் நிற்காமல் ஓடிக் காயில் கருகும். அடுத்த நடவு தொடங்கும்போது பட்டறையில் கூட்டம் சேர்ந்துவிடும். அறுவடை முடிந்த வாரத்தில் கொண்டுபோனால் காத்திருக்க வேண்டியதில்லை.