அலகு 3: அலைவுகளும் அலைகளும் – அறையினுள் நின்ற அலைகளும் வீட்டு ஒலியமைப்பும்

க.பொ.த (உயர்தரம்) பௌதிகவியல் – பிரயோகப் பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின் நீங்கள்
• அறையொன்றின் பரிவு மீடிறன்களைக் கணிப்பீர்கள்.
• ஒலிபெருக்கிகளிடையே மீடிறன்கள் பிரிக்கப்படுவது ஏன் என விளக்குவீர்கள்.
• இலக்கமுறை அறைத் திருத்தத்தால் இயல்வதையும் இயலாததையும் வேறுபடுத்துவீர்கள்.

1. அறிமுகம்

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் ஹேவாஹெட்டப் பகுதியிலேயே உள்ளது. இப்பகுதித் தோட்டங்களில் இன்றும் பல குடும்பங்கள் லயன் வீடுகளில் வாழ்கின்றன. பழைய லயன் அறையின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. அயல்வீட்டுடன் சுவர் பொதுவானது. அத்தகைய அறையில் சப்வூபருடன் கூடிய ஒலியமைப்பை வைத்தால், சில தாழ் சுரங்கள் அதிர்ந்து முழங்கும். சில கேட்கவே மாட்டா. "செட் சரியில்லை" எனப் பலர் அதைவிடப் பெரிய செட்டை வாங்குவர். பணம் செலவாகும், குறை தீராது. ஏனெனில் குறையின் பெரும்பகுதி அறையில் உள்ளது.

2. அறையும் நின்ற அலையும்

சமாந்தரமான இரு சுவர்களுக்கிடையே ஒலி தெறித்து முன்பின்னாகச் செல்கையில் நின்ற அலை தோன்றும். இரு முனையும் மூடிய குழாயாக அறையைக் கருதலாம். சுவர்களிடைத் தூரம் அரை அலைநீளத்துக்குச் சமனாகும்போது அடிப்படை மீடிறன் கிடைக்கும்.

அடிப்படை மீடிறன் = ஒலியின் கதி ÷ (2 × சுவர்களிடைத் தூரம்)

வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 331 + (0.6 × செல்சியஸ் வெப்பநிலை) மீற்றர்.

உதாரணம் 1: 12 அடி (3.66 மீற்றர்) நீளமும் 10 அடி (3.05 மீற்றர்) அகலமும் உள்ள அறையின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். நீளம், அகலம் ஆகியவற்றுக்குரிய அடிப்படை மீடிறன்களைக் காண்க.

தீர்வு: ஒலியின் கதி = 331 + 12 = செக்கனுக்கு 343 மீற்றர்.
நீளத்துக்கு: 343 ÷ 7.32 = 47 ஹேட்ஸ் (அண்ணளவாக)
அகலத்துக்கு: 343 ÷ 6.10 = 56 ஹேட்ஸ் (அண்ணளவாக)

இதே அறை 30 பாகை வெப்பநிலையுள்ள கொழும்பில் இருப்பின் கதி 349 ஆகும்; நீளத்துக்குரிய மீடிறன் 48 ஹேட்ஸ் அளவாகும். மாற்றம் மிகச் சிறிது. மலைநாட்டில் வளியமுக்கம் குறைவு என்பதால் ஒலியின் கதி குறையும் என எழுதுவது தவறு. அமுக்கம் குறையும் அதே விகிதத்தில் அடர்த்தியும் குறைவதால், வெப்பநிலை மாறாதபோது கதி மாறாது.

கவனிக்க: சுவரில் வளித்துணிக்கைகளின் இடப்பெயர்ச்சிக்குக் கணு உண்டு, ஆனால் அமுக்க மாறலுக்கு அதே இடத்தில் முரண்கணு. காதும் ஒலிவாங்கியும் உணர்வது அமுக்க மாறலையே. எனவே 47 ஹேட்ஸ் ஒலி சுவரோரத்தில் உச்சமாகவும், அறையின் நீளத்தின் நடுவில் மிகக் குறைவாகவும் கேட்கும். நடுவில் கதிரை போட்டு அமர்பவர் இவ்வொலியை இழக்கிறார். சுவருக்கு அப்பால் உள்ள அயலவர் அதை நன்றாகக் கேட்கிறார்.

பின்சுவரிலிருந்து நீளத்தின் மூன்றிலொரு பங்குத் தூரத்தில் (இங்கு 1.22 மீற்றர்) அமர்ந்தால், முதலிரு பரிவுகளினதும் அமுக்க வீச்சம் உச்சத்தின் பாதியாக இருக்கும். எதுவும் முழங்காது, எதுவும் மறையாது. இதற்குச் செலவு எதுவுமில்லை.

3. மீடிறன்களைப் பிரித்தல்

ஒரே ஒலிபெருக்கியால் 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை செவ்வனே ஒலிக்க முடியாது. தாழ் மீடிறனுக்கு அதிக வளியைத் தள்ளும் பெரிய கூம்பும், உயர் மீடிறனுக்கு விரைந்து அசையும் இலேசான மென்றகடும் தேவை. சைகையை உரிய ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்தனுப்பும் சுற்று குறொஸ்ஓவர் எனப்படும்.

ட்வீட்டருடன் தொடராக இடப்படும் கொள்ளளவி தாழ் மீடிறன்களைத் தடுக்கும். வூபருடன் தொடராக இடப்படும் தூண்டி உயர் மீடிறன்களைத் தடுக்கும்.

கொள்ளளவம் = 1 ÷ (6.28 × தடை × பிரிப்பு மீடிறன்)

உதாரணம் 2: 8 ஓம் ஒலிபெருக்கிக்கு (அ) 3000 ஹேட்ஸ், (ஆ) 80 ஹேட்ஸ் ஆகிய பிரிப்பு மீடிறன்களுக்கான கொள்ளளவம் யாது?

தீர்வு: (அ) 6.6 மைக்ரோபரட் (ஆ) 249 மைக்ரோபரட்

இரண்டாவது பெறுமானத்துக்குப் பருத்த, விலைகூடிய கொள்ளளவி வேண்டும். ஆகவே சப்வூபருக்கான பிரிப்பு பெரும்பாலும் விரியலாக்கிக்கு முன்னரே, இலத்திரனியல் அல்லது இலக்கமுறை வடிகட்டியால் செய்யப்படும். 1976 இல் சீக்பிரீட் லிங்விட்ஸ் வெளியிட்ட வடிகட்டி முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. லிங்விட்ஸ்–ரைலி எனப்படும் இம்முறையில் பிரிப்பு மீடிறனில் ஒவ்வொரு பகுதியும் 6 டெசிபெல் குறைந்திருக்கும். இரண்டும் ஒரே அவத்தையில் சேர்கையில் மட்டம் சீராகும்.

வீட்டுத் திரையரங்கில் 80 ஹேட்ஸ் வழக்கமான பிரிப்பு மீடிறனாகும். அதன் அலைநீளம் 343 ÷ 80 = 4.29 மீற்றர். இது இரு காதுகளுக்கிடையிலான தூரத்தைவிடப் பன்மடங்கு பெரிது. எனவே இதற்குக் கீழான ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென உணர்வது கடினம். சப்வூபரை வசதியான இடத்தில் வைக்கலாம்.

4. தூரமும் தாமதமும்

முன் ஒலிபெருக்கி 2.4 மீற்றரிலும் சப்வூபர் 1.0 மீற்றரிலும் இருந்தால், தூர வித்தியாசம் 1.4 மீற்றர். நேர வித்தியாசம் 1.4 ÷ 343 = 4.1 மில்லிசெக்கன். சப்வூபரின் ஒலி முந்தி வரும். தூர வித்தியாசம் 80 ஹேட்சின் அரை அலைநீளமான 2.14 மீற்றரை அணுகினால் இரு ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கும். எனவே அண்மையிலுள்ள ஒலிபெருக்கியின் சைகையைத் தாமதிக்க வேண்டும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் தொகுதியில் 4.1 மில்லிசெக்கன் என்பது ஏறத்தாழ 196 மாதிரிகள்.

5. இலக்கமுறை அறைத் திருத்தம்

கருவி 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை ஏறிச் செல்லும் சோதனை ஒலியை எழுப்பும். அமரும் இடத்தில் வைத்த ஒலிவாங்கி அதைப் பெறும். அனுப்பியதும் பெற்றதும் ஒப்பிடப்பட்டு, வித்தியாசத்தை ஈடுசெய்யும் வடிகட்டி கணிக்கப்படும். ஓடிசி, டிராக் ஆகியன இவ்வாறான முறைகள். ஒரு புள்ளியில் மட்டும் அளந்தால் மற்ற இடங்களில் ஒலி கெடலாம் என்பதால், தலையைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளப்பர்.

இயலுவது: 47 ஹேட்ஸ் 8 டெசிபெல் மிகையாயின், வடிகட்டி அதை 8 டெசிபெல் குறைக்கும்.

இயலாதது: அமுக்கக் கணுவை நிரப்புதல். அங்கு நேர் அலையும் தெறித்த அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. சைகையைக் கூட்டினால் இரண்டும் ஒரே விகிதத்தில் கூடும். அழிவு அப்படியே நீடிக்கும்.

உதாரணம் 3: கணுவை நிரப்ப 47 ஹேட்சை 10 டெசிபெல் கூட்டினால் 20 வாற்று வலு எவ்வளவாகும்?

தீர்வு: 10 டெசிபெல் என்பது 10 மடங்கு வலு, எனவே 200 வாற்று. அறையின் நடுவில் பயன் சொற்பம். ஆனால் சுவரிலுள்ள அமுக்க முரண்கணுவில் ஒலி 10 டெசிபெல் கூடும். அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிப்பவருக்கே அது போய்ச் சேரும்.

திரைச்சீலையும் மெத்தையும் உயர் மீடிறன்களை உறிஞ்சும். 47 ஹேட்சில் அவற்றின் பயன் மிகக் குறைவு.

6. செய்முறை ஒழுங்கு

(1) அமரும் இடத்தையும் சப்வூபரின் இடத்தையும் மாற்றிப் பார்க்க. மூலையில் அமுக்க முரண்கணுக்கள் சேர்வதால் அங்கு முழக்கம் கூடும்.
(2) பிரிப்பு மீடிறனை 80 ஹேட்ஸ் அளவில் அமைக்க.
(3) தூரங்களை அளந்து தாமதத்தை இடுக.
(4) ஒலிமட்டங்களைச் சமப்படுத்துக.
(5) இறுதியில் மட்டும் அறைத் திருத்தம் செய்க. மேடுகளைக் குறைக்க, பள்ளங்களை நிரப்ப முயலற்க.

7. மாதிரி வினாக்கள்

(1) 4.9 மீற்றர் நீள அறையின் அடிப்படை மீடிறன் யாது? (கதி செக்கனுக்கு 343 மீற்றர்)
(2) அவ்வறையின் நீளத்தின் நடுவில் வைத்த சப்வூபர் நீளத்துக்குரிய அடிப்படைப் பரிவை ஏன் தூண்டாது?
(3) சைகையை 6 டெசிபெல் கூட்டினால் வலு ஏறத்தாழ எத்தனை மடங்காகும்?

விடைகள்: (1) 35 ஹேட்ஸ். (2) அங்கு அமுக்கக் கணு உள்ளது. (3) 4 மடங்கு.

நினைவிற் கொள்க: வினாவில் "கணு" எனக் கண்டவுடன், இடப்பெயர்ச்சியின் கணுவா, அமுக்கத்தின் கணுவா எனக் கேட்டுவிட்டு விடை எழுதுக.