பிறநாட்டு மாணவர்களோடு பேசப் போகிற பிள்ளைகளுக்கு

ஜனநாயகம், பத்திரிகை, நீதிமன்றம் என்று பல நாட்டு மாணவர்கள் கூடிப் பேசும் இடங்களுக்குப் போகிற பிள்ளைகள், கிளம்புமுன் என்னிடம் ஒருநடை வந்துவிட்டுப் போவார்கள். காலமெல்லாம் அரசியல் அறிவியல் நடத்தியவன் ஆயிற்றே, கொள்கை ஏதாவது கேட்பார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், "என்ன சார் உடுத்திக்கிட்டுப் போறது?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கும் கீழே பதில் உண்டு.

1. 'உலகின் மிகப் பெரிய ஜனநாயகம்' என்று ஆரம்பிக்காதீர்கள். எதிரே இருப்பவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். பேச்சு அங்கேயே படுத்துவிடும். இடது ஆள்காட்டி விரலைக் காட்டி ஆரம்பியுங்கள். மைசூரில் ஓர் அரசு நிறுவனம் தயாரிக்கும் மை 1962 தேர்தலிலிருந்து நம் விரல்களில் ஏறுகிறது. ஜெர்மன் மாணவிக்கு அது விசித்திரமாகப் படும். அங்கே குடியிருக்கும் முகவரியை நகராட்சியில் பதிவு செய்தே ஆகவேண்டும். வாக்காளர் பட்டியல் அந்தப் பதிவேட்டிலிருந்தே தயாராகி, தேர்தலுக்கு முன் வீட்டுக்குக் கடிதம் வந்துவிடும். "அப்படியானால் உங்கள் ஊரில் ஒருவரே இரண்டு இடத்தில் ஓட்டுப்போட முடியுமா?" என்று கேட்பாள். செத்தவர் பெயர் பட்டியலில் இருப்பதையும் உயிரோடிருப்பவர் பெயர் விடுபட்டுப் போவதையும் அப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

2. வாக்குப்பதிவு எந்திரம் பற்றி நிச்சயம் கேட்பார்கள். தில்லுமுல்லு நடக்கிறதா இல்லையா என்ற சண்டைக்குள் இறங்கினால் தேநீர் இடைவேளை வரை கரையேற முடியாது. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச்சில் கேட்டது வேறு கேள்வி. 2005 தேர்தலில் பயன்பட்ட எந்திரங்களில் மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்யவுமில்லை. ஆனாலும், நிபுணர் துணையில்லாமல் சாதாரணக் குடிமகனால் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியாது என்பதற்காக, அந்த எந்திரங்களைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. நம்மிடம் போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இருக்கிறது. சீட்டு ஏழு நொடி கண்ணுக்குத் தெரியும்; சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து எந்திரங்களின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ணச் சொன்ன மனுக்களை 2024 ஏப்ரலில் நம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜெர்மனிக்குச் சுமார் 6 கோடி வாக்காளர்கள், நமக்கு 2024-இல் சுமார் 97 கோடி. கோடு வெவ்வேறு இடத்தில் விழுந்ததற்கு இந்தத் தொகை போதுமான காரணமா? இதை மேசைமேல் வையுங்கள், மதியம் முழுவதும் ஓடும். என்னைக் கேட்டால் நான் அந்த ஜெர்மன் நீதிபதிகள் பக்கம்.

3. எந்த அமைப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் நியமிக்கிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? யார் நீக்க முடியும்? ஜெர்மனியின் பொது ஒலிபரப்புக்கு ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ கட்டுகிறது. பிபிசிக்கு வீடுகள் கட்டும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம். ஆனால் அதன் தலைவரை நியமிப்பதில் அரசாங்கத்துக்குக் கை உண்டு. நம் பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி 1997-இல்தான் அமலுக்கு வந்தது. தன்னாட்சி என்று பேர், சம்பளம் அரசு மானியத்தில். உங்களிடமும் இதே கேள்விகள் திரும்பி வரும். நம் தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்குவது உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்குச் சமமான கஷ்டம், நியமிப்பதில்தான் தகராறு. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து பரிந்துரைக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் நீதிபதியின் நாற்காலியில் மத்திய அமைச்சர் ஒருவரை உட்காரவைத்தது. இரண்டையும் தேதியோடு சொல்லிவிடுங்கள், முடிவை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

4. உத்திரமேரூரைச் சொல்லாமல் உங்களால் இருக்க முடியாது, தெரியும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த குடவோலை, கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்ற விதி, எல்லாம் பெருமைக்குரியவைதான். அங்கே பேர் எழுதிப் போட நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் விட்டால் வேறொருவர் கைப்பேசியில் பார்த்துச் சொல்வார்.

5. உடை உங்கள் இஷ்டம். காலணி மட்டும் பழகியதாக இருக்கட்டும்.

6. கொரியப் பிள்ளைகள் வந்திருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். 2024 டிசம்பர் 3 இரவு அவர்கள் அதிபர் ராணுவச் சட்டம் அறிவித்தார். எம்.பி.க்கள் வேலி ஏறிக் குதித்து நாடாளுமன்றத்துக்குள் போனார்கள்; சில மணி நேரத்தில் 190 பேர் ஒரு மனதாக வாக்களித்தார்கள்; விடிவதற்குள் அதிபர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். பெரும்பான்மை கேட்டால் அதிபர் ராணுவச் சட்டத்தை நீக்கியே ஆகவேண்டும் என்று அவர்கள் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. 1980-இல் குவாங்ஜூவில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை மறக்காத நாடு அது. நமக்கு 1975 ஜூன் 25-இல் வந்த நெருக்கடிநிலை 21 மாதம் நீடித்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை எடுத்துவிட்டு 'ஆயுதக் கிளர்ச்சி' என்று வைத்ததும், அமைச்சரவை தன் முடிவை எழுத்தில் தரவேண்டும் என்றதும் 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம். பட்ட பிறகே பூட்டுப் போட்டோம் என்று தயங்காமல் சொல்லலாம்.

7. மியான்மரிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ வந்த பிள்ளை பேசினால் பேனாவை மூடிவையுங்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் ஒன்றிலும், 2020 ஜூனில் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மற்றொன்றிலும், வெளியே பேசிய பேச்சு ஊரிலிருக்கும் அம்மா அப்பா வீட்டுக் கதவைத் தட்டும். கூட்டப் படத்தில் அவர்கள் நிற்க மறுத்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். நிற்கிறார்கள் என்றாலும், வாட்ஸ்அப்பில் போடும் முன் கேளுங்கள், பெயர் எழுதலாமா என்று தனியாக இன்னொரு தடவை கேளுங்கள்.