வள்ளி கும்மி குழுவில் சேரப் போகிறீர்களா?

குமாரபாளையம், பவானி, பள்ளிபாளையம் பக்கம் கோயில் நோம்பி என்றால் இப்போது வள்ளி கும்மிக்குத்தான் கூட்டம் கூடுகிறது. வள்ளி, முருகன் கல்யாணக் கதையைப் பாடிக்கொண்டே ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய ஆட்டம் இது. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் வாத்தியார் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கத் துணிந்தவர். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் அப்பத்தாவும் ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள். குழுக்களும் பெருகிவிட்டன. சேருமுன் இவற்றைப் பாருங்கள்.

1. அந்தக் குழுவின் அரங்கேற்றம் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். நன்றாக ஆடுகிறவர்களை எல்லாக் குழுவிலும் முன்னால்தான் நிறுத்துவார்கள். அதனால் கடைசி வரிசையைக் கவனியுங்கள். பாட்டு மாறும் இடத்தில் அங்கே நிற்கிற பெண்கள் பக்கத்து ஆளைப் பார்க்காமல் திரும்புகிறார்களா? கை தட்டும் ஓசை ஒன்றாக விழுகிறதா, சிதறுகிறதா? ஒன்றாக விழுந்தால் அந்த வாத்தியார் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று நம்பலாம்.

2. பயிற்சி நடக்கும் இடத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பாருங்கள். நல்ல வாத்தியார் தாளத்தை வாயால் சொல்லி, காலில் போட்டுக் காட்டி, அது படிந்த பிறகுதான் பாட்டைச் சேர்ப்பார். தினைப்புனக் காவல், வேடனாக வரும் முருகன், கிழவர் வேடம், யானையாக வரும் விநாயகர் என்று கதையையும் சொல்வார். கதை தெரியாமல் ஆடினால் முகத்தில் ஒன்றும் வராது.

3. தறிக்குப் போகிறவர்கள் ஷிப்ட் விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறினால் பாதிப் பயிற்சி போய்விடும். விட்ட பாடத்தைத் தனியாகச் சொல்லித்தர மூத்த ஆட்டக்காரர் யாராவது இருக்கிற குழுவே உங்களுக்குச் சரி.

4. தரையைப் பாருங்கள். சிமெண்ட் தளத்தில் வெறுங்காலோடு தினமும் குதித்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். கல் பொறுக்கிய மண் தரை நல்லது. ஏற்கெனவே முட்டிவலி இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

5. பயிற்சிக் கட்டணம், சீருடைச் சேலை, சலங்கை, அரங்கேற்றச் செலவு, வேன் வாடகை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் பேசும் தொகையில் ஆடுகிறவர்களுக்குப் பங்கு உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிற இடம் வேண்டாம்.

6. யாரையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். கொங்குப் பகுதியில் சில கும்மி மேடைகளில், சொந்த சாதியில்தான் கல்யாணம் செய்வோம் என்று பெண் பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைத்தது செய்திகளிலேயே வந்தது. வள்ளி யார்? வேடர் தலைவன் நம்பிராஜன் வீட்டில் வளர்ந்த பெண். தான் விரும்பியவனைக் கைப்பிடித்தவள். அவள் கல்யாணத்தைப் பாடி ஆடிவிட்டு, அதே மேடையில் பிள்ளைகள் வாயில் இப்படியொரு சத்தியத்தை வாங்குவது அந்தக் கதைக்கே செய்கிற துரோகம். “எங்க தெருப் பிள்ளைங்களும் வரலாமுங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உடனே “கூட்டிட்டு வாங்க” என்று பதில் வரவேண்டும். இழுத்தால் வேறு குழு பாருங்கள். ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

7. வெளியூர் ஆட்டம் முடிய நள்ளிரவு ஆகும். வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்களா, போகிற இடத்தில் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் வீடியோவைப் பெற்றோரைக் கேட்காமல் யூடியூபில் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

8. சலங்கையை வெறுங்காலில் கட்டினால் தோல் உரியும். பழைய பருத்தி வேட்டியைப் பட்டையாகக் கிழித்துக் கணுக்காலில் இரண்டு சுற்று சுற்றி, அதன்மேல் கட்டுங்கள். சேலை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். கொசுவத்தை இடுப்பில் ஊக்கு போட்டு இறுக்கிக்கொண்டால் சுற்றும்போது தடுக்காது.

9. மாசி, பங்குனி நோம்பிக் காலமும் பொதுத்தேர்வும் ஒன்றாக வரும். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு அந்த மாதங்களில் விடுப்பு தருகிற குழுவாக இருக்கட்டும்.

10. ஆட்ட நாளில் வயிறு முட்டச் சாப்பிடவேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும். இடைவேளையில் உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள்.