கழிவுநீரின் செலவு யார் கணக்கில்?

பருவநிலையைப் பற்றியோ மின்சாரத்தைப் பற்றியோ பேச்செழும்போதெல்லாம், "குற்றம் எல்லோருடையதுமே, இதில் முதலாளிகளை மட்டும் எப்படிக் குறை கூறுவது?" என்று திண்டுக்கல்லில் பலர் மெய்யாகவே நம்பிச் சொல்கிறார்கள். இவ்வூரின் சரித்திரமோ அந்த நம்பிக்கைக்கு விரோதமாகவே சாட்சி பகர்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலே, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 கிணறுகள் கெட்டுப்போன செய்தி பதிவாகியிருக்கிறது. அவற்றைக் கெடுத்தது தோல் பதனிடும் ஆலைகளான தோல் ஷாப்புகளின் கழிவே என்று கண்ட நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் தோல் ஷாப் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததோடு, மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டுமென்ற நியாயம் இந்நாட்டுச் சட்டத்தின் அங்கம் என்றும் பிரகடனம் செய்தது.

"பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டது, இனித் தொல்லையில்லை" என்பது மற்றொரு நம்பிக்கை, ஆழ்ந்து யோசிக்க வேண்டியது இதுதான். பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு நீரில் கரைந்துவிடுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு அழுக்கையும் குரோமியத்தையும் பெரும்பாலும் பிரித்தெடுக்குமேயன்றி, கரைந்த உப்பை நீக்காது. அதை நீக்க ஆர்.ஓ. இயந்திரத்துக்கு மின்சாரமும், எஞ்சிய உவர்நீரை வற்றவைக்க வெப்பமும் வேண்டும். நம் மின்சாரத்தில் கணிசமான பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருவதால், கிணற்றைக் காக்க எடுத்த பிரயத்தனமே வானத்துக்குப் புகையைச் சேர்க்கிறது. நீர் மாசும் பருவநிலையும் வேறுவேறு விஷயங்கள் என்று இனியும் எண்ணுவதற்கில்லை. தோலை ஊறவைக்குமுன் ஒட்டியிருக்கும் உப்பை உதறியெடுப்பதும், உப்பைக் குறைத்துப் பதப்படுத்துவதும் இரண்டு தீங்கையும் ஆரம்பத்திலேயே தணிக்கும் வழிகள். அந்தச் செலவு சரக்கின் விலையில் சேர வேண்டுமேயல்லாது, குடியானவனின் கிணற்றில் சேரலாகாது.

மரக்கன்று நட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வர்ணமடித்த கம்பெனி தன் கடமையை முடித்துவிட்டது என்பாரும் உளர். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களிடம் கேட்கும் 2 விழுக்காடு சமூகச் செலவு வேறு. தன் கழிவைத் தானே சுத்திகரிப்பது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படியான கட்டாயம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்வாறு சொல்வது தொழிலுக்குத் துரோகமல்ல. தோல் ஷாப்பில் கூலி பெறும் குடும்பமும் அதே கிணற்று ஜலத்தைத்தான் குடிக்கிறது. பருவநிலைக் கேட்டின் தீங்கிலிருந்து விடுபட்டிருப்பது குடிமக்களின் உரிமை என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டபின், நாம் கூசாமல் கேட்கலாம். அடுத்தமுறை ஒரு கம்பெனி மரம் நடு விழாவுக்கு அழைத்தால், வாசகர்கள் அவசியம் செல்லுங்கள். சென்று, அதன் கழிவுநீரில் உப்பு எவ்வளவு, அதன் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று அங்கேயே கேளுங்கள்.